ஓரம் பிரியும் நாடா

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை முதல், எகிப்தின் மஹல்லா அல்-குப்ராவில் ரயில் பாதைக்குக் கிழக்கே உள்ள ஒரு பின்னலாடை ஆலையில், துணியின் குறை பார்க்கும் செக்கிங் பிரிவில், அறுபத்திரண்டு பெண்களுக்கான கழிப்பறை டோக்கன்கள் நான்கிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டன.

டோக்கன் என்பது உள்ளங்கை அகல மஞ்சள் பிளாஸ்டிக் தகடு. போர்மேன் பயூமியின் மேசைக்குப் பின்னால் கொக்கியில் தொங்கும். எடுத்துக்கொண்டு போக வேண்டும். திரும்ப வந்து மாட்டினால்தான் அடுத்தவள் நகரலாம். ஷௌகிய்யா ஏழாம் மேசையில் நின்றபடி, விளக்குப் பலகையின் மேல் உருண்டு வரும் துணியை ஒரு கண்ணாலும் கொக்கியை ஒரு கண்ணாலும் பார்த்துக்கொண்டிருந்தாள். கொக்கி காலியாக இருந்தது.

துணியில் ஒரு கண்ணி விழுந்திருந்தது. காலால் மிதியை அழுத்தி உருளையை நிறுத்தினாள். சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டினாள். குனிந்து நிமிர்ந்தபோது இருமல் வந்தது. தொடைகளை இறுக்கிக்கொண்டாள். பலனில்லை. பஞ்சுத் தூசி இருமலைக் கொடுக்கும், இருமல் மற்றதைக் கொடுக்கும். கழிவு மூட்டையிலிருந்து எடுத்து நாலாக மடித்து வைத்திருந்த பனியன் துணி சூடாகி, பிறகு குளிர்ந்தது. வயது ஐம்பத்தொன்று. பிள்ளைகள் நாலு பேர். இந்த மேசையில் இருபத்துநாலு வருடம்.

"அக்கா, பயூமி நம்மள ஒட்டகம்னு நெனச்சிட்டான் போல," என்றாள் எட்டாம் மேசை ஃபிர்தௌஸ்.

"ஒட்டகமும் நின்ன எடத்துல போவும்டி. அதுக்கு யாரும் தகடு மாட்டறதில்ல."

"சிரிக்க வெக்காத, எனக்கும் ரெண்டு புள்ள பொறந்திருக்கு."

சிரிக்கும்போதும் இருமும்போதும் மூட்டை தூக்கும்போதும் மூத்திரம் கசிவது அந்தப் பிரிவில் பாதிப் பேருக்கு உண்டு. யாரும் அதை நோய் என்று நினைத்ததில்லை. ஷௌகிய்யாதான் போன செப்டம்பரில் துணிந்து ஆலையோடு ஒப்பந்தமுள்ள தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் வஹீத் ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். மூத்திரக் குழாய்க்கு அடியில் விரல் அகலத்தில் ஒரு நாடா. ஊஞ்சல் மாதிரித் தாங்கிக்கொள்ளும். அரை மணி நேர வேலை. இனிமேல் தும்மலாம், குதிக்கலாம், பேரன் கல்யாணத்தில் ஆடலாம்.

இரண்டு மாதம் நன்றாகத்தான் இருந்தது. டிசம்பரில் கசிவு திரும்ப வந்தது, தொடை இடுக்கில் வலியும் தொடங்கியது. உட்கார்ந்தால் கம்பியில் உட்கார்ந்த மாதிரி. அப்புறம் ஒரு நாள் கணவன் மித்வல்லி விலகி எழுந்து, கட்டில் ஓரத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, "உள்ள என்னமோ குத்துது ஷௌகிய்யா. முள்ளு மாதிரி," என்றான். முப்பது வருடத்தில் அவன் அவளிடம் வெட்கப்பட்டுப் பேசியது அன்றுதான்.

மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் வஹீத் அவளைப் பார்க்கவே இல்லை. அவருடைய அறையிலிருந்த பையன் மருந்துச் சீட்டைக் கொண்டு வந்து கொடுத்தான். கிருமி மருந்து. மூன்று முறை அதே சீட்டு. நாலாவது முறை ஷௌகிய்யா மைக்ரோபஸ் ஏறிப் பக்கத்து நகரமான தன்தாவுக்குப் போனாள். அங்கே டாக்டர் மாக்தா என்றொரு பெண் டாக்டர். விளக்கைப் போட்டு உள்ளே பார்த்தாள்.

"நாடா சதையை அறுத்துக்கிட்டு வெளிய வந்திருக்கும்மா. கண்ணுக்குத் தெரியுது."

வெளியே தெரிந்ததை மட்டும் வெட்டியெடுத்தாள். இரண்டு சென்டிமீட்டர். சின்ன பாட்டிலில் போட்டு மேசைமேல் வைத்தாள்.

"மிச்சம் உள்ள இருக்கு. எடுத்தாத்தான் வலி போகும். ஆனா கண்ண மூடிக்கிட்டு என்னால வெட்ட முடியாது. கம்பெனிப் பெட்டியில வர்ற நாடான்னா அது ரெண்டு பக்கமும் எலும்பு ஓட்டை வழியாப் போகும், ஒரு கணக்கு இருக்கு. வேற எதையாவது வெட்டித் தெச்சிருந்தா எங்க தெச்சாங்கன்னு தெரியணும். தப்பான எடத்துல தேடினா மூத்திரப் பை கிழியும். ஆபரேஷன் பதிவைக் கொண்டு வா. அதுல பெட்டியோட ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும்."

ஷௌகிய்யா பாட்டிலை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தாள்.

"இத நான் எடுத்துக்கலாமா டாக்டர்?"

"உன்னோடதுதானே."

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில், பெண்கள் ரொட்டியையும் அவரைக்காய் மசியலையும் பிரித்துக்கொண்டிருந்தபோது, அவள் அதை வெள்ளைத் துணிமேல் வைத்து நூல் எண்ணும் கண்ணாடியை மேலே நிறுத்தினாள். சதுரச் சட்டம், ஒரு அங்குலம். அதற்குள் கண்ணிகளை எண்ணுவதுதான் அவளுடைய பிழைப்பு. குனிந்தவள் நிமிரவில்லை.

"கொளுத்திப் பாக்கலாமா அக்கா?" ஃபிர்தௌஸ் தீப்பெட்டியை எடுத்தாள். என்ன நூல் என்று சந்தேகம் வந்தால் ஆலையில் அப்படித்தான் கண்டுபிடிப்பார்கள்.

"பிளாஸ்டிக்னு டாக்டரே சொன்னா. நூல்ல சந்தேகம் இல்லடி. ஓரத்தப் பாரு."

ஃபிர்தௌஸ் குனிந்தாள். பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"இது வெட்டு ஓரம்."

"கத்திரியில வெட்டின ஓரம். அதுவும் ரெண்டு எடத்துல கத்திரி நின்னு கெளம்பியிருக்கு, பல்லு தெரியுது. அகலத் துணியில இருந்து வெட்டின பட்டை இது. எந்தத் திசையில வெட்டியிருக்கான் பாரு."

கண்ணிகள் பட்டையின் நீளவாட்டில் ஓடவில்லை, குறுக்கே ஓடின. பின்னல் துணியை அப்படி வெட்டினால் என்ன ஆகும் என்று அந்தப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவளுக்கும் தெரியும். இழுக்க இழுக்க நீளும். ஓரத்தில் கண்ணிகள் பிரிந்து பிசிறு நிற்கும். கடைசியில் சுருண்டு கயிறாகும். அப்படி வெட்டிய காலர் பட்டிகளை அவள் மூட்டை மூட்டையாகத் திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

"கயிறாத்தான் இருந்திருக்கு உள்ள," என்றாள் ஷௌகிய்யா. ரொட்டியை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

ஆஸ்பத்திரிப் பதிவறையில் மூன்று முறை அலைந்து நகல் வாங்கினாள். தாளின் கீழே ஸ்டிக்கர் இருந்தது. வெளிநாட்டுப் பெட்டி, பதினொரு இலக்க வரிசை எண். ஓரம் மூடிய தாங்கு நாடா, ஒன்று. அதற்குக் கீழே, "முழுப் பெட்டி பயன்படுத்தப்பட்டது, அறிந்து ஒப்புக்கொண்டேன்" என்ற வரிக்கு எதிரில் அவளுடைய கையெழுத்து. வீட்டுக்கு அனுப்பிய அன்று குமாஸ்தா மூன்று தாளை நீட்டினான், போட்டாள். மயக்க மருந்தின் வாந்தி இன்னும் தொண்டையில் இருந்தது. இருபத்துநாலு வருடத்தில் மீட்டரை எண்ணாமல் ஒரு துணி ரோலின் அட்டையில்கூட அவள் கையெழுத்துப் போட்டதில்லை. சொந்த உடம்புக்கு மட்டும் பார்க்காமல் போட்டிருந்தாள்.

அந்தப் பதிவைத் திருத்த வேண்டும் என்று ஆஸ்பத்திரியிலேயே மனு எழுதிக் கொடுத்தாள். என்ன வைத்தார்கள், எங்கே தைத்தார்கள், அவ்வளவுதான் கேட்டிருந்தாள். ஏப்ரல் 3, செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியின் விசாரணைக் குழு முன் வரச் சொன்னார்கள். எடுத்த துண்டைக் கொண்டு வந்து ஒப்படைக்கவும் என்று கடைசி வரியில் இருந்தது.

"ஒப்படச்சா அப்புறம் உன்கிட்ட என்ன இருக்கும்?" என்றான் மித்வல்லி. தான் ஓட்டும் துக்துக் ஆட்டோவின் சக்கரத்தைக் கழற்றி வாசலில் போட்டிருந்தான். "போகாத. மாக்தா டாக்டர் கால்ல விழுந்து கேப்போம்."

"அவ கால்ல விழுந்தா அவளுக்குக் கண்ணு தெரிஞ்சிடுமா? என்ன இருக்குன்னு தெரியாம வெட்டுன்னு சொல்லச் சொல்றியா?"

"நான் எதையும் சொல்லல. உனக்குத் தனியாப் போகணும்னா..."

"தனியா இல்ல. ஃபிர்தௌஸ் வர்றா. கத்திரி எடுத்துட்டு வர்றா."

மித்வல்லி சக்கரத்தை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தான். "கத்திரி எதுக்குடி?"

குழு இரண்டாம் மாடியில் இருந்தது. நீள மேசையில் மூன்று பேர். நடுவில் தலைவர், ஆஸ்பத்திரியின் மூத்த டாக்டர், நரைத்த மீசை, சட்டைப்பையில் மூன்று பேனா. வலப்பக்கம் டாக்டர் வஹீத். இடப்பக்கம் ஆலையின் பணியாளர் அதிகாரி, எழுதுவதற்கு.

"உட்காரும்மா," என்றார் தலைவர்.

"உக்காந்தா குத்துது. அதுக்காகத்தான் வந்திருக்கேன்."

தலைவர் தாளைப் பார்த்தார். "பதிவுல எல்லாம் ஒழுங்கா இருக்கு. ஸ்டிக்கர் இருக்கு. உன் கையெழுத்தும் இருக்கு. சில உடம்புக்கு நாடா ஒத்துக்காது. அது யாரோட தப்பும் இல்ல."

"ஒத்துக்காதது என் உடம்பா, உங்க நாடாவான்னு பாத்துடலாம் டாக்டர்." அவள் பாட்டிலையும் கண்ணாடியையும் மேசைமேல் வைத்தாள். "ஸ்டிக்கர்ல ஓரம் மூடினதுன்னு இருக்கு. இது வெட்டு ஓரம்."

வஹீத் நாற்காலியில் சாய்ந்தார். "நீங்க எந்த மெடிக்கல் காலேஜ்மா?"

"ஏழாம் மேசை, டாக்டர். இருபத்துநாலு வருஷமாத் துணி பாக்கறேன். நீங்க உள்ள வெச்சது துணி."

பின்னால் சுவரோரம் நின்றிருந்த ஃபிர்தௌஸ் தொண்டையைக் கனைத்தாள்.

தலைவர் துண்டை ஒரு தாளில் கவிழ்த்து, கண்ணாடிமேல் குனிந்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"கண்ணாடியத் தலைகீழா வெச்சிருக்கீங்க."

அவர் திருப்பி வைத்தார். நீண்ட நேரம் பார்த்தார். பிறகு வஹீத் பக்கம் கண்ணாடியைத் தள்ளினார். வஹீத் குனியவில்லை.

"ஒரு புதுப் பெட்டியக் கொண்டாரச் சொல்லுங்க," என்றாள் ஷௌகிய்யா. "ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்துடலாம். ஒரே மாதிரி இருந்தா நான் மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிடறேன்."

"பெட்டி எங்க இருக்கு?" வஹீத்தின் குரல் உயர்ந்தது. "பவுண்டு மதிப்பு விழுந்ததுலேர்ந்து எத்தனை பெட்டி வந்துதுன்னு ஸ்டோர்ல போய்க் கேளுங்க. வரிசையில நாப்பது பொம்பளைங்க. எல்லாரும் நனஞ்சுக்கிட்டே வந்து நிக்கறாங்க. திருப்பி அனுப்பிடட்டுமா? குடலிறக்கத்துக்கு வைக்கிற வலை இருந்துது. அதே பிளாஸ்டிக், அதே கம்பெனி. பட்டையா வெட்டி வெச்சோம். எத்தனையோ எடத்துல பண்றாங்க. எத்தனையோ பேர் நல்லா இருக்காங்க."

அதிகாரியின் பேனா தாளுக்கு மேலே நின்றுவிட்டது.

"எழுதுங்க சார்," என்றாள் ஷௌகிய்யா அவரிடம். "இப்ப டாக்டர் சொன்னத எழுதுங்க. எங்க தெச்சாருன்னும் கேட்டு எழுதுங்க. நான் கேக்கறது அவ்வளவுதான்."

அதிகாரி தலைவரைப் பார்த்தார். தலைவர் பேனாக்களில் ஒன்றை எடுத்து, மூடியைத் திருகி, மறுபடி பையில் வைத்தார்.

"வஹீத், இதெல்லாம் பதிவுல வராது," என்றார்.

"நீங்க வலைய வெட்டினீங்கன்னு நான் சண்டைக்கு வரல டாக்டர்," ஷௌகிய்யா வஹீத்தையே பார்த்தாள். "இல்லாதப்ப எல்லாரும் வெட்டித்தான் சமாளிக்கறோம். நானும் வெட்டியிருக்கேன். ஆனா நீளவாட்டுல வெட்டணும். நீங்க அகலவாட்டுல வெட்டிட்டீங்க. எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா பத்து வயசுப் புள்ள சொல்லியிருக்கும். அது போகட்டும். வெட்டிட்டு, வெட்டலன்னு எழுதினீங்க பாருங்க. அந்த எழுத்தாலதான் இப்ப எந்த டாக்டரும் என்னத் தொட மாட்டேங்கறாங்க."

வஹீத் தன் கைகளைப் பார்த்தார். சுத்தமான, நகம் வெட்டிய கைகள். வாயைத் திறந்தார். தலைவர் மேசையை விரலால் தட்டினார். அவர் மூடிக்கொண்டார்.

"துண்டை விட்டுட்டுப் போம்மா," என்றார் தலைவர். "பரிசோதனைக்கு அனுப்பறோம். முடிவு கடிதத்துல வரும்."

"தரேன். ஃபிர்தௌஸ்."

ஃபிர்தௌஸ் பையிலிருந்து கத்திரி, ஸ்டேப்ளர், இரண்டு ரோல் அட்டைகளை எடுத்து வைத்தாள்.

ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. துணி கெட்டது என்று செக்கிங் சொல்லி, நல்லது என்று பின்னல் பிரிவு சொன்னால், சண்டைத் துணியில் ஒரு துண்டை எடுத்து இரண்டாக வெட்டுவார்கள். ஆளுக்குப் பாதி. இரண்டு அட்டையில் அடித்து, குறையை எழுதி, இரண்டு பேரும் இரண்டிலும் கையெழுத்துப் போடுவார்கள். சாட்சித் துண்டு என்று பெயர். முதலாளியே கேட்டாலும் ஒருவர் பாதியை மற்றவரிடம் தருவதில்லை.

அதிகாரிக்கு அது தெரியும். "அம்மா, இது ஆலை இல்ல," என்றார்.

"எனக்குத் தெரிஞ்ச சட்டம் இதுதான் சார்."

அவள் துண்டைக் கத்திரியால் சரிபாதியாக வெட்டினாள். ஒவ்வொரு பாதியும் சுட்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. அட்டைகளில் அடித்தாள். குறை என்ற கட்டத்தில் எழுதினாள்: ஓரம் மூடவில்லை. கத்திரி வெட்டு. வெட்டுத் திசை தப்பு. பிசிறு உண்டு, சுருள்கிறது. செக்கர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டுத் தேதி எழுதினாள். இரண்டு அட்டைகளையும் பேனாவையும் வஹீத்தின் முன்னால் நகர்த்தினாள்.

வஹீத் பேனாவை எடுத்தார். எடுத்து வைத்துக்கொண்டே இருந்தார்.

"கூட்டம் முடிஞ்சுது," என்றார் தலைவர்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டு வஹீத் எழுந்து போனார். ஷௌகிய்யா ஒரு அட்டையை மேசையில் விட்டாள். இன்னொன்றை எடுத்துக்கொண்டாள். மாடிப்படியில் ஃபிர்தௌஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போடுவான்னு நெனச்சேன் அக்கா."

"நானும்தான். கை பேனாகிட்டப் போச்சே."

"பத்து வயசுப் புள்ள சொல்லும்னு சொன்ன பாரு. அவன் காது செவந்துச்சு. சத்தியமா."

"சிரிக்க வெக்காதடி. படியில நிக்கறேன்."

தன்தாவில் டாக்டர் மாக்தா அட்டையை வாங்கிப் படித்தாள். அடித்திருந்த துண்டைத் தன் கண்ணாடியால் பார்த்தாள். கையெழுத்து இல்லாத கட்டத்தையும் பார்த்தாள்.

"அவரு வாயால சொன்னாரா?"

"குடலிறக்க வலை, பட்டையா வெட்டினதுன்னு சொன்னாரு. மூணு பேரு கேட்டாங்க. எங்க தெச்சாருன்னு கேக்கறதுக்குள்ள தலைவர் மேசையத் தட்டிட்டாரு."

"வெட்டின பட்டைன்னா எலும்பு ஓட்டை வழியா எடுத்துட்டுப் போக, பெட்டியோட வர்ற ஊசி கிடையாது. அடிவயித்துப் பக்கம்தான் தெச்சிருப்பாங்க." டாக்டர் அட்டையைக் கோப்புக்குள் வைத்தாள். "ஆஸ்பத்திரித் தாளைவிட இதுல விஷயம் இருக்கு. ஆனா முழுசா எடுத்துடுவேன்னு சொல்ல மாட்டேன்."

"முழுசாச் சொல்றவங்ககிட்டத்தான் போன தடவ போனேன்."

மே 9 அன்று அறுவைச் சிகிச்சை நடந்தது. மூன்றரை மணி நேரம். ஒன்பது சென்டிமீட்டர் எடுத்தார்கள். கயிறு போலச் சுருண்டிருந்தது. வலப்பக்கம் எலும்போடு ஒட்டிக்கொண்டிருந்த ஒரு துணுக்கை விட்டுவிட்டார்கள். எடுத்த இடத்தில், ஷௌகிய்யாவின் வயிற்றுத் தசைமேல் இருக்கும் வெள்ளை உறையிலிருந்து ஒரு பட்டை வெட்டி வைத்தாள் டாக்டர் மாக்தா. விழித்ததும் ஷௌகிய்யா கேட்ட முதல் கேள்வி, எந்தத் திசையில் வெட்டினீர்கள் என்பது. நார் ஓடும் திசையில்தான் என்று சொல்லி டாக்டர் அவள் நெற்றியைத் தொட்டாள். இந்தத் தடவை தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஷௌகிய்யா ஒவ்வொரு வரியாகப் படித்தாள். நர்ஸ் இரண்டு முறை வந்து திரும்பிப் போனாள்.

ஜூன் 24 அன்று வேலைக்குத் திரும்பினாள். மெதுவாக நடந்தாள். உட்கார முடிந்தது. அன்று பகலில் ஆஸ்பத்திரியின் கடிதத்தைப் பயூமி கொண்டு வந்து கொடுத்தான். இரண்டு வரி. பதிவேட்டில் பிழை ஏதும் காணப்படவில்லை. ஒப்படைக்கப்பட்ட துண்டு பரிசோதனைக்குப் போதிய அளவில் இல்லை.

அவள் அதைச் சத்தமாகப் படித்தாள். பிறகு மேசையிலிருந்த ரப்பர் முத்திரையை எடுத்துச் சிவப்பு மையில் அழுத்தி, கடிதத்தின் நடுவில் குத்தினாள். தள்ளுபடி. கெட்ட ரோல்களுக்குக் குத்தும் முத்திரை. கடிதத்தோடு ஒரு புது ரோல் அட்டையைச் சேர்த்து அடித்தாள். அதில் பதினொரு இலக்க எண்ணை எழுதி, தள்ளுபடி அட்டைகள் தொங்கும் கொக்கியில் கொண்டுபோய் மாட்டினாள். அது டோக்கன் கொக்கிக்குப் பக்கத்தில் இருந்தது.

"ஷௌகிய்யாக்கா, இத எடுத்துடு," என்றான் பயூமி. "மேல இருந்து கேட்டா நான் என்ன சொல்றது?"

"ஏழாம் மேசையில தள்ளிட்டாங்கன்னு சொல்லு."

அவன் எடுக்கவில்லை. மூன்றாம் மேசையிலிருந்து ஒருத்தி எழுந்து வந்து அட்டையைப் படித்தாள். அவளும் போன வருடம் அதே ஆஸ்பத்திரியில் நாடா வைத்துக்கொண்டவள். எண்ணை இரண்டு முறை படித்தாள். மறுநாள் தன் தாளை எடுத்து வந்தாள். தையல் பிரிவிலிருந்து ஒருத்தி வந்தாள். பேக்கிங்கிலிருந்து ஒருத்தி. நான்கு பேர் தாளையும் விளக்குப் பலகைமேல் பரப்பினார்கள். நான்கிலும் அதே பெட்டி, அதே பதினொரு இலக்கம்.

"நாலு பேருக்கும் சேத்து ஒரே நாடாவா?" என்றாள் ஃபிர்தௌஸ். "அப்ப நீங்க நாலு பேரும் சேந்துதான் தும்மணும்."

நான்கு பேரும் சிரித்தார்கள். பேக்கிங்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மாலைக்குள் கொக்கியில் ஆளுக்கொன்றாக நான்கு அட்டைகள் தொங்கின.

வியாழக்கிழமை மாலை அலுவலகத்திலிருந்து ஆள் வந்து அட்டைகளை எடுத்துப் போனான். ஷௌகிய்யாவுக்கு மூன்று நாள் பணி இடைநீக்கம். காரணம் என்ற இடத்தில், ஆலையின் முத்திரையைத் தவறாகப் பயன்படுத்தியது என்று எழுதியிருந்தது. அவள் அதைப் படித்துப் பார்த்துவிட்டு, "பெற்றுக்கொண்டேன். ஒப்புக்கொள்ளவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

ஜூலை 1, ஞாயிற்றுக்கிழமை முதல் செக்கிங் பிரிவில் கழிப்பறை டோக்கன் ஒன்றுதான்.